கரிசல் காட்டுப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் உத்தியோகமும்

கோவில்பட்டி வட்டாரத்துச் சங்கங்களின் கடன் மனுக்களைப் புரட்டிப் பார்ப்பது என் உத்தியோகக் கடமைகளுள் ஒன்று. கடன் எதன்பொருட்டு என்னும் பத்தியில் விதை, உரம், உழவு, பாவு நூல், கல்யாணம் என்று எழுதியிருப்பதைக் கண்டு பழகிய கண்களுக்கு, அண்மைக் காலமாகப் "பையன் படிப்பு", "பெண் படிப்பு" என்னும் சொற்கள் அடிக்கடி தென்படுகின்றன. என்ன படிப்பு என்று விசாரித்தால் பெரும்பாலும் பொறியியல். அதிலும் கம்ப்யூட்டர் பிரிவு. ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கும் மானாவாரி விவசாயி, அடுத்த தலைமுறையாவது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று எண்ணுவதில் யார் குற்றம் காண முடியும்? 2018-ஆம் ஆண்டில் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து, காட்டைக் காடாகத் தின்று தீர்த்ததை நேரில் கண்டவர்கள் நாம்.

ஆயினும், மனுவில் கையெழுத்திடும் பெற்றோரிடம் "அந்த உத்தியோகம் என்ன உத்தியோகம்?" என்று கேட்டால் விடை கிடைப்பது அரிதாக இருக்கிறது. பெரிய கம்பெனியில் வேலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்வது, கை நிறையச் சம்பளம் என்பதற்கு மேல் பலரும் சொல்வதில்லை. ஒரு வெள்ளாமையைப் பற்றி இவ்வளவு மட்டுமே தெரியும் என்றால், அதற்கு ஒரு மூட்டை விதையாவது வாங்குவோமா? ஆனால் இந்த வெள்ளாமைக்கு மூன்று குறுக்கம் கரிசல் நிலத்தை ஈடு வைக்கவும் துணிகிறோம். ஆகவே, சாப்ட்வேர் பொறியாளர் என்பவர் பெரிய ஸ்தாபனங்களில் என்ன செய்கிறார், அவருக்கு எவ்வாறு ஊதியம் வருகிறது, அது எவ்வாறு நின்றும் போகிறது என்பவற்றை நம் அங்கத்தினர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றிற்று.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதை விளக்குவது எளிது. விவசாய அங்கத்தினர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அட்டை குத்தும் தொழில்

ஜக்கார்டுப் பெட்டி ஏற்றிய தறியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துளையிட்ட அட்டைகளை மாலைபோலக் கோத்துத் தறியின் மேலே தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி உள்ளே புகும், கொக்கி உயரும், அதனோடு சேர்ந்து பாவு இழையும் எழும். துளையில்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும். நாடா ஓடி ஊடையைப் போட்டதும் அட்டை நகர்ந்து அடுத்த அட்டை வரும். சேலைக் கரையில் மயிலோ மாங்காயோ விழுகிறது என்றால், நெய்கிறவர் ஒவ்வோர் இழையாக யோசித்து அதைப் போடுவதில்லை. அட்டை குத்தியவர் முன்னரே யோசித்து வைத்துவிட்டார்.

பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டு வாக்கில் இம்முறையை அமைத்தார். 1839-இல் அவருடைய உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள்; அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் பிடித்தன. அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித வல்லுநர் வாங்கி வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு என்ன கணக்கைச் செய்யவேண்டும் என்று சொல்லிக் கொடுக்க அவர் எடுத்துக்கொண்ட உபாயம் இதே துளையிட்ட அட்டைதான். அடா லவ்லேஸ் என்னும் அம்மையார் 1843-இல் அவ்வியந்திரத்தைப் பற்றி விரிவான குறிப்புகளை எழுதியபோது ஜக்கார்டுத் தறியையே உவமையாகக் காட்டினார். பாபேஜின் இயந்திரம் அவர் ஆயுட்காலத்தில் கட்டி முடியவில்லை. ஆனால் அட்டை பிழைத்துக்கொண்டது. 1890-இல் அமெரிக்காவில் எடுத்த குடிக்கணக்கை ஹெர்மன் ஹொலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கூட்டிக் காட்டினார். அவருடைய கம்பெனி வேறு சிலவற்றோடு கலந்து, 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது.

இன்றைய கம்ப்யூட்டரில் அட்டை இல்லை. அட்டை குத்தும் வேலை மட்டும் இருக்கிறது. எந்த இழை எப்போது எழவேண்டும், எது கிடக்கவேண்டும் என்பதை இயந்திரத்துக்கு விளங்கும் ஒரு மொழியில் வரி வரியாக எழுதி வைப்பதே சாப்ட்வேர் பொறியாளரின் தொழில். பஸ்ஸில் சீட்டுக் கிழிக்கும் கருவியும், ரேஷன் கடையில் விரல் ரேகை பார்க்கும் கருவியும், கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதியும் யாரோ எழுதி வைத்த வரிகளின்படியே நடக்கின்றன.

இந்த வரிகள் எவ்வளவு இருக்கும் என்று கேட்கலாம். கூகிள் ஸ்தாபனத்தின் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின்படி, 2015 ஜனவரியில் அவர்களுடைய பொதுக் களஞ்சியத்தில் சுமார் 200 கோடி வரிகள் இருந்தன. அதில் 25,000 பொறியாளர்கள் வேலை செய்தார்கள். ஒரு வேலை நாளில் மனிதர்கள் செய்த திருத்தங்கள் மட்டும் 16,000 அளவில் இருந்தன. இதிலிருந்து ஒன்று விளங்கும். பெரிய கம்பெனிக்குப் போகும் இளைஞன் வெறுந்தறியில் புதுப் பாவு ஏற்றுவதில்லை. யாரோ ஓட்டி வைத்த பழைய பாவின் முனையோடு தன் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறான். எந்த இழை எங்கே போகிறது என்று கண்டுகொள்வதிலேயே நாளின் பெரும்பகுதி போய்விடுகிறது.

ஒரு நாள் வேலை

எட்டயபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருவர் சென்னையில் இத்தகைய ஸ்தாபனம் ஒன்றில் பணி செய்கிறார். சங்கத்தின் பொதுக்குழுவுக்குத் தந்தையார் வந்திருந்த சமயம், விடுமுறையில் வந்த மகளும் கூட இருந்தார். அவரிடம் கேட்டறிந்ததைச் சொல்கிறேன்.

காலையில் குழுவினர் எட்டுப் பத்துப் பேரும் கால்மணி நேரம் கூடி, நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்யப் போகிறோம், எங்கே தடை என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலை என்று பங்கிட்டுச் சீட்டுகளாக எழுதி வைத்திருப்பார்கள். ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு, அது எந்த வரிகளைத் தொடுகிறது என்று தேடி, திருத்தம் எழுதி, அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சோதனை வரிகளும் எழுதி, அதன்பின் சக பொறியாளரின் பார்வைக்கு வைக்கவேண்டும். அவர் ஒப்பினாலன்றி எந்தத் திருத்தமும் களஞ்சியத்தில் சேராது. முடிவில் பார்த்தால் சில நாள் பத்து வரிதான் தேறும் என்றார் அந்தப் பெண்.

"பத்து வரிக்கா அம்மா இந்தச் சம்பளம்?" என்று தந்தையார் வியந்தார்.

"நம் சங்கத்தில் சேலையை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓர் இழை விட்டிருந்தாலும் திருப்பிக் கொடுக்கவில்லையா, அப்பா? என் பத்து வரியையும் அப்படித்தான் விரித்துப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு திருத்தம் ஐந்து தடவை திரும்பி வந்தது" என்று அவர் சொன்னபோது, தந்தையார் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து தடவை திரும்பி வந்த சரக்கு என்றால் என்ன என்று அவருக்கு நன்கு தெரியும்.

தணிக்கை பார்க்கும் எனக்கு இந்தப் பார்வையிடும் முறை மிகவும் பிடித்தது. நம் சங்கங்களில் ஆண்டு முடிந்த பின்னர் தணிக்கை. தவறு நடந்து பத்து மாதம் ஆகியிருக்கும். அங்கே ஒவ்வொரு வரவும் பதிவேட்டில் ஏறுமுன்னரே தணிக்கையாகிறது. யார், எந்த நாளில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பது என்றென்றைக்கும் அழியாத பதிவாகவும் நிற்கிறது. அடித்தல் திருத்தலுக்கு அங்கே இடமில்லை என்பதை நம் சங்க எழுத்தர்கள் கவனிப்பார்களாக.

இவ்வளவு காபந்து ஏன் என்றால், துணியில் விழும் பிசகு கண்ணுக்குத் தெரியும். வரியில் விழும் பிசகு உறங்கிக் கிடக்கும். 2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய குறையுள்ள ஒரு சிறு கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களை ஒரே நாளில் நிறுத்திவிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுக் கொடுத்தார்கள். ஆகையினால்தான் பொறியாளர்களுக்கு முறை வைத்து இராக்காவல் உண்டு. ஒரு வாரம் முழுவதும் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கவேண்டும். எங்கோ ஓர் இயந்திரம் நின்றால் இரவு இரண்டு மணிக்கும் எழுந்து உட்காரவேண்டும். சோளக்காட்டில் பன்றிக்குக் காவல் கிடப்பதைப்போல என்று அதே பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சங்கங்களில் கம்ப்யூட்டர் வந்த பிறகு இதன் மறுபக்கத்தை நாமும் பார்க்கிறோம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000-ஐக் கணினி மயமாக்க ரூ. 2,516 கோடியில் திட்டம் ஒன்றுக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. நகைக்கடன் வாங்க வந்த அங்கத்தினர் வரிசையில் நிற்க, திரையில் சிறு வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும் அனுபவம் எந்தச் செயலாளருக்குத்தான் இல்லை? அந்த நேரத்தில் எங்கோ ஓர் இளைஞன் பதைபதைத்து வரிகளைத் தேடிக்கொண்டிருப்பான் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

பெரிய கம்பெனிகளில் கடைப்பிடிக்கப்படும் ஒரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். இயந்திரம் நின்று சரியான பின்னர், ஏன் நின்றது என்று விரிவாக எழுதி எல்லோரும் படிக்க வைக்கிறார்கள். அதில் இன்னார் குற்றம் என்று எழுதுவதில்லை; இன்ன இடத்தில் தடுப்பு இல்லாமற் போயிற்று என்றே எழுதுகிறார்கள். ஆளைத் தண்டித்தால் அடுத்த முறை தவற்றை மறைப்பான் என்பது அவர்கள் கணக்கு. எல்லாக் கம்பெனியிலும் இது நேர்மையாக நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கையாடல் அல்லாத வெறும் கணக்குப் பிழைகளுக்கு நம் சங்கங்களிலும் இதைச் செய்து பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கூலி நெசவும் சொந்தச் சரக்கும்

பெரிய கம்பெனி என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு வகை, பிற தேசத்து வங்கிகளுக்கும் வியாபாரிகளுக்கும் வேண்டிய வேலையை ஆள் கணக்கிலோ மணிக் கணக்கிலோ செய்துகொடுப்பது. நூலும் மாதிரியும் முதலாளியுடையவை. நெய்து கொடுத்தால் கூலி. டி.சி.எஸ். (1968), இன்போசிஸ் (1981) முதலிய பெயர் பெற்ற ஸ்தாபனங்கள் பெரும்பாலும் இவ்வழியில் வளர்ந்தவை. நம் தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் 1945-இல் பிறந்த சிவ நாடார் 1976-இல் தம் கூட்டாளிகளோடு தொடங்கிய எச்.சி.எல்., கம்ப்யூட்டர் இயந்திரம் செய்வதில் ஆரம்பித்துப் பிற்பாடு இத்துறைக்கு வந்தது. மற்றொரு வகை, தன் சொந்தச் சரக்கைச் செய்து, தன் பெயரிலேயே உலகுக்கு விற்பது. கூகிள், மைக்ரோசாப்ட் அவ்வகை. முதலாளியிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்பவருக்கும், சங்கத்தின் பெயரில் நெய்து 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் வழியாக விற்பவருக்கும் உள்ள வேற்றுமை நமக்குத் தெரிந்ததே.

கூலி வகைக் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு லட்சம் ரூபாய் வரையில் ஊதியம். பத்தாண்டுகளுக்கு மேலாக இது பெரிதும் ஏறவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்கவேண்டும். அரிசி விலையும் சென்னையில் வீட்டு வாடகையும் அப்படி நிற்கவில்லை. சொந்தச் சரக்கு வகையில் ஊதியம் பன்மடங்கு. ஆனால் நுழைவது கடினம். அவ்வகையில் சம்பளத்தோடு கம்பெனிப் பங்கும் கொடுப்பது வழக்கம். அதை ஒரே நாளில் கொடுக்கமாட்டார்கள். பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாகக் கைக்கு வரும். இடையில் விலகினால் எஞ்சியது போய்விடும். சங்கத்தில் நூறு ரூபாய்ப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வோட்டு, பதினாயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கும் ஒரே வோட்டு என்று பழகியவர்கள், அந்தப் பங்கை இந்தப் பங்கோடு குழப்பிக்கொள்ளலாகாது.

கூலி நெசவில் பாவு இல்லாத நாட்கள் உண்டு. அங்கே அதற்குப் "பெஞ்ச்" என்று பெயர். வேலையில் இருப்பார்கள், சம்பளமும் வரும், ஆனால் கையில் திட்டம் இராது. முன்னர் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். 2025 ஜூன் மாதம் டி.சி.எஸ். கொண்டுவந்த விதியின்படி, ஓர் ஊழியர் ஆண்டில் 225 நாட்களாவது வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டும் வேலையில் இருக்கவேண்டும். பெஞ்சில் 35 வேலை நாட்களுக்கு மேற்படலாகாது. தறியில் பாவு இல்லாமைக்கு நெய்கிறவரே பொறுப்பு என்று சொல்வதைப்போன்றது இது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

தென்காசிப் பக்கத்துச் செய்தி

இந்த உத்தியோகத்துக்கு எல்லோரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்த்தான் ஆகவேண்டுமா? இதற்கு ஒரு மறுமொழி நம் கோவில்பட்டியிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பிரயாணத்தில் இருக்கிறது.

ஸ்ரீதர் வேம்பு என்பவர் தஞ்சை வட்டாரத்தில் 1968-இல் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-இல் பட்டமும், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் 1994-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். சகோதரர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து 1996-இல் அட்வெண்ட்நெட் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். 2009-இல் அது ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. வியாபார நிலையங்களுக்கு வேண்டிய கணக்கு, கடிதப் போக்குவரத்து, வாடிக்கையாளர் பதிவேடு முதலியவற்றுக்கான மென்பொருள்களைச் சொந்தச் சரக்காகச் செய்து உலகெங்கும் விற்பது அதன் தொழில். பங்குச் சந்தையில் பணம் திரட்டாமல், விற்ற வருமானத்திலேயே வளர்ந்தது.

இக்கம்பெனி 2011-ஆம் ஆண்டு வாக்கில் தென்காசிக்கு அருகே ஒரு சிலரைக் கொண்டு ஒரு கிளையைத் தொடங்கி, பிற்பாடு மத்தளம்பாறைக் கிராமத்தில் சொந்தக் கட்டடம் கட்டிற்று. வாடிக்கையாளர்களின் புகார்களையும் வினாக்களையும் வரிசைப்படுத்தி விடையளிக்கப் பயன்படும் "ஜோஹோ டெஸ்க்" என்னும் சரக்கு, 2016-இல் இங்கிருந்து உருவாகி வெளிவந்ததுதான். 2019-இல் வேம்பு அவர்களே அமெரிக்காவை விட்டு மத்தளம்பாறையில் குடியேறினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகப் பொறுப்பை விட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கும் தலைமை விஞ்ஞானியானார்.

நம் அங்கத்தினர்களுக்கு இவற்றிலும் முக்கியமானது அக்கம்பெனி நடத்தும் பள்ளி. 2004-ஆம் ஆண்டு வாக்கில் சென்னையில் தொடங்கிய இப்பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பட்டம் கேட்பதில்லை, கட்டணம் வாங்குவதில்லை. நுழைவுத் தேர்வு வைத்து, நேரில் பேசிப் பார்த்து எடுக்கிறார்கள். கணிதம், ஆங்கிலம், கம்ப்யூட்டருக்கு வரி எழுதுதல் இவற்றை ஓராண்டும், பின்னர்க் கம்பெனியிலேயே வேலையோடு பயிற்சியாக ஓராண்டும் கற்பிப்பது முறை. பயிலும் காலத்தில் மாதம் ரூ. 10,000 அளவில் உதவித்தொகையும் கொடுத்து வந்ததாகப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. தென்காசியிலும் இப்பள்ளி நடக்கிறது. கம்பெனியின் பொறியாளர்களுள் கணிசமான ஒரு பங்கினர் இவ்வழியில் வந்தவர்கள்.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கலாகாது. இடங்கள் கொஞ்சம், விண்ணப்பிப்பவர்கள் மிக அதிகம். மேலும் கல்லூரிப் பட்டம் இல்லாதவர், பிற்காலத்தில் அக்கம்பெனியை விட்டு வேறிடம் தேடினால் சில கதவுகள் திறக்காமலும் போகலாம். அது கூட்டுறவு ஸ்தாபனமும் அன்று. உரிமையாளர் சிலருடைய நல்லெண்ணத்தின் மேல் நிற்பது. ஆயினும் ஒரு சந்தேகத்தை அது தீர்த்துவிட்டது. தமிழ் வழியில் படித்த கிராமத்துப் பிள்ளையும், பொறியியற் கல்லூரி வாசலை மிதியாமலே, உலகச் சந்தைக்குப் போகும் சரக்கைச் செய்ய முடியும். அதையும் மலையடிவாரத்துக் கிராமத்தில் இருந்துகொண்டே செய்ய முடியும். எச்.சி.எல். கம்பெனியும் 2017 முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைப் பயிற்றி எடுக்கும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. அதில் கட்டணம் உண்டு என்பதால் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துச் சேரவேண்டும். 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் நமக்கு அருகிலுள்ள சங்கதி.

வேலை போகும் காலம்

நிற்க. வெளிச்சத்தை மட்டும் காட்டி நிறுத்தினால் நான் தணிக்கைக்காரன் ஆகமாட்டேன்.

2022 நவம்பரில் மெட்டா கம்பெனி 11,000 பேரை நீக்கியது. 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரையும், மைக்ரோசாப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. இவை நஷ்டத்தில் மூழ்கிய கம்பெனிகள் அல்ல. கொரோனாக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்தவை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியரில் நூற்றுக்கு இருவர் வீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப் போவதாகத் தெரிவித்தது. அதிலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் உள்ளவர்களே பெரும்பாலோர். நாற்பது வயதில் வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்புமாக இருப்பவருக்கு அந்தக் கடிதம் வந்தால், அது வெள்ளாமை பொய்ப்பதினும் கொடிது. அடுத்த ஆண்டு மழை பெய்தால் நிலம் மறுபடி விளையும் என்னும் ஆறுதல்கூட அங்கே இல்லை.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவு வேறு வந்திருக்கிறது. கூகிளின் தலைவர், மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை அவர்கள், தம் கம்பெனியில் புதிதாகச் சேரும் வரிகளில் காற்பங்குக்கு மேல் இயந்திரமே எழுதுகிறது என்றும், பொறியாளர்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புகிறார்கள் என்றும் 2024 அக்டோபரில் தெரிவித்தார். விசைத்தறி வந்தபோது கைத்தறிக்கு நேர்ந்ததை அறிந்த நமக்கு இச்செய்தி புதிதாக இராது. சாதாரணக் காடாத் துணியை விசைத்தறி எடுத்துக்கொண்டது; நுட்பமான சேலைகள் கையில் நின்றன. சில வரிகளைப் பார்த்து எழுதத் தெரிந்த புதியவரின் வேலைக்குத்தான் முதலில் ஆபத்து என்று தோன்றுகிறது. எதை எழுதவேண்டும், எழுதியது சரியா என்று சொல்லத் தெரிந்தவருக்கு இடம் இருக்கும். ஆனால் புதியவராக நுழைய வழியில்லாவிட்டால் அனுபவஸ்தர் எங்கிருந்து வருவார்? இவ்வினாவுக்குக் கம்பெனிகள் தெளிவாக விடையளிப்பதாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் நிலைமையைச் சொல்கிறேன்; ஊரும் பேரும் வேண்டாம். மானாவாரி நிலம் நான்கு குறுக்கம். மகனை வெளியூரில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்க்க இரண்டு குறுக்கத்தை விற்றார். எஞ்சியதையும் மனைவியின் நகைகளையும் ஈடு வைத்தார். பையன் கெட்டிக்காரன், வேலையும் கிடைத்தது. பதினான்கு மாதம் வேலை பார்த்தான். பின்னர்த் திட்டம் முடிந்ததென்று கம்பெனி அனுப்பிவிட்டது. எட்டு மாதம் அலைந்து, முன்னதிலும் குறைந்த சம்பளத்தில் வேறொன்றில் சேர்ந்திருக்கிறான். அவன் வாழ்வு கெட்டுவிடவில்லை; நாளை நன்றாகவும் வரக்கூடும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நகை ஏலத்துக்கு வந்தது. விற்ற இரண்டு குறுக்கத்தில் வாங்கியவர் ஒன்றும் விதைக்கவில்லை. சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. தகப்பனார் அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டார். அந்தப் பேரேட்டுப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம், நிலத்தைத் தொடாமலே இந்தப் படிப்பைப் படிக்க வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் அதற்கு வழிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-இல் சட்டமாயிற்று. அவ்விடங்களில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்பவர்களுக்குக் கிடையா. பிள்ளையைப் பெயர் பெற்ற தூரத்துக் கல்லூரியில் சேர்த்தோம் என்னும் பெருமைக்காக இச்சலுகைகளை இழப்பது புத்திசாலித்தனம் ஆகாது. கோவில்பட்டியிலேயே 1984 முதல் பொறியியற் கல்லூரி இருக்கிறது. எங்கே படித்தாலும், பையனோ பெண்ணோ இரண்டாம் ஆண்டிலிருந்தே தானாக வரி எழுதிப் பழகினாரா, பிறர் எழுதியதைப் படித்துப் பிழை காணத் தெரிந்துகொண்டாரா என்பதைத்தான் வேலைக்கு எடுப்பவர்கள் சோதிக்கிறார்கள். கல்லூரிக் கட்டடத்தின் உயரத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

கட்டணத்துக்குப் பணம் போதவில்லையென்றால், நகைக்கும் நிலத்துக்கும் முன்னர் வங்கிகளின் கல்விக் கடனைக் கேட்கவேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரையில் ஈடு இல்லை. நாம் கையிலிருந்து ஒரு பங்கு போடவேண்டும் என்பதும் இல்லை. கடன் உத்தரவாத நிதியின் கீழ் ஏழரை லட்சம் வரையில் நிலத்தையோ வீட்டையோ ஈடாகக் கேட்கலாகாது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரி உரிய தரச்சான்று பெற்றதாக இருந்தால், படிக்கும் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் கேட்கலாம். ஆகையால் சேருமுன்னரே, அக்கல்லூரிக்கும் அப்பிரிவுக்கும் தரச்சான்று உண்டா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம். சேர்ந்த பின்னர்க் கேட்டுப் பயனில்லை. மனுவை "வித்யா லட்சுமி" என்னும் இணையதளத்தில் பதியவேண்டும். வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இவ்விரண்டுக்கும் ஜூன் மாதத்தில் கூட்டம் நெருக்கும் என்பதால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பிப்பது நல்லது. தவணை, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தொடங்கும்.